கிறிஸ்துமஸ் தாத்தாவும் நல்லதங்காள் கிணறும்

டிசம்பர் வந்தா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிடும். கிளையன்ட் லீவுல போயிடுவான், நாம பொட்டி முன்னாடி உக்காந்து கொட்டாவி விட்டுட்டு இருப்போம். அந்த நேரம் பார்த்து எச்.ஆர். அக்காங்க கொண்டு வர்ற விளையாட்டுதான் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு'. சென்னையில பொட்டி தட்டுற அத்தனை பேருக்கும் இது தெரிஞ்சிருக்கும். சீட்டு குலுக்கிப் போடணும், யார் பேர் வருதோ அவங்களுக்கு நாம ரகசிய அம்மா. ஆட வை, பாட வைன்னு நாம என்ன டாஸ்க் குடுத்தாலும் அவங்க செய்யணும். கடைசி நாள்ல கிஃப்ட். அதுவரைக்கும் யாருன்னு மூச்சு விடக் கூடாது. எனக்கு வருஷா வருஷம் காபி கப் மட்டும்தான் வருது. வீட்ல அஞ்சு கப் இருக்கு மக்களே, காபி குடிக்கத்தான் ஆள் இல்லை :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். போன டிசம்பர்ல ராஜபாளையம் போயிருந்தேன். ஸ்கூல் கூட்டாளிங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பக்கத்துல இருக்கிற ஒரு பிள்ளைங்க இல்லத்துக்கு கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஏதாவது வாங்கிட்டுப் போவோம்னு முடிவு பண்ணியிருந்தாங்க. ஸ்கூல் பேக், ஜியாமெட்ரி பாக்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இல்லம் எதுன்னு கேக்காதீங்க, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மெயின் ரோட்ல இருந்து உள்ள தள்ளி இருக்கு, அது போதும். அங்க இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ இருக்காங்க. வளர்க்க வழியில்லாமத்தான் கொண்டு வந்து விட்டிருக்காங்க.

யாரு தாத்தா வேஷம் போடுறதுன்னு பேச்சு வந்தப்போ எல்லாப் பயலும் என் வயித்தையே பார்த்தானுங்க. "நீ போடு மாப்ளே, தலையணைச் செலவு மிச்சம்."

சிவப்பு டிரஸ் மதுரையில வாடகைக்கு எடுத்தாச்சு. ரோஸ் கலர் பிளாஸ்டிக் மாஸ்க் ஒண்ணு, பார்த்தா எனக்கே பயமா இருந்துச்சு. மாஸ்க்ல இருந்த தாடி பிஞ்சு போயிருந்ததால பஞ்சு வச்சு ஒட்டினோம். பஞ்சுக்கு எங்க ஊர்ல பஞ்சமா? சுத்தி ஸ்பின்னிங் மில்லு, பக்கத்துல சத்திரப்பட்டிப் பக்கம் போனா வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணித் தறி. உலகம் பூரா காயத்துக்குக் கட்டுத் துணி அனுப்புற ஏரியாவுல ஒரு தாத்தாவுக்குத் தாடி கிடைக்காதா என்ன.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆடினேன், சாக்லேட் வீசினேன், சின்னதுங்க ரெண்டு அழுதுச்சு. அப்புறம் பை குடுக்கிற நேரம். எங்காளு ஒருத்தன் போனோட நின்னு, ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு, பையை நெஞ்சுக்கு நேரா பிடிக்கச் சொல்லி, என் பக்கத்துல நிக்க வச்சு கிளிக் பண்ணிட்டு இருந்தான். பத்து வயசு இருக்கும், ஒரு பையன். பையை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டான். "கீழ இறக்குடா, மூஞ்சி தெரியல"ன்னு இவன் சொல்றான். அவன் இறக்கலை. என்னை அண்ணாந்து பார்த்து மெதுவா கேட்டான்.

"அண்ணே, அந்த மாஸ்க்கை எனக்குத் தர்றீங்களா? போட்டோ எடுத்து முடிக்கிற வரைக்கும்."

நான் சிரிச்சேன். மாஸ்க்குக்குள்ள இருந்து சிரிச்சா யாருக்குத் தெரியும்? டீச்சரக்கா வந்து, "அண்ணன் சொல்றாருல்ல, கைய எடு"ன்னாங்க. எடுத்தான். போட்டோவும் எடுத்தாச்சு. சாயங்காலம் மூணு வாட்ஸப் குரூப்ல அது போயிடுச்சு. பையனோட முகம் பளிச்சுன்னு இருக்கு. பக்கத்துல நிக்கிற என் முகம் யாருக்கும் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. 'யாருப்பா இந்தத் தாத்தா, எதுக்கு இவருக்கு இந்த வேஷம்'னு படிக்க ஆரம்பிச்சேன். அந்த வாரம் பூரா படிச்சதைத்தான் இங்க கொட்டப் போறேன். வரலாறு பிடிக்காதவங்க இப்பவே பால்கோவா சாப்பிடப் போகலாம்.

தாத்தாவோட மூலவர் செயின்ட் நிக்கோலஸ். நான்காம் நூற்றாண்டில் மைரா என்ற ஊரின் பிஷப். அந்த ஊர் இன்றைக்குத் துருக்கியில் தெம்ரே என்ற பெயரில் இருக்கிறது. பனியும் கிடையாது, கலைமானும் கிடையாது, மத்தியதரைக் கடலோரம். அவரைப் பத்தி உறுதியா எழுதி வச்ச சேதி ரொம்பக் கம்மி. பின்னாடி வந்தவங்க சொன்ன கதைகள்தான் நிறைய. அதுல ரொம்பப் பழைய, ரொம்பப் பிரபலமான கதை இது. ஒருத்தர் நல்லா வாழ்ந்து கெட்டவர். மூணு பொண்ணு. சீதனம் குடுக்க வழியில்லை. கட்டிக் குடுக்கலைன்னா பொண்ணுங்களை விக்கிற நிலைமை. (கதையைக் கேட்டப்போ இது துருக்கியா, விருதுநகர் மாவட்டமான்னு எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.) நிக்கோலஸ் ராத்திரியில போய் ஜன்னல் வழியா ஒரு பை தங்கத்தை உள்ள போட்டுட்டு வந்துடுறார். மூத்தவளுக்குக் கல்யாணம். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு பை, இரண்டாமவளுக்குக் கல்யாணம். மூணாவது தடவை அந்தத் தகப்பன் தூங்காம காத்திருந்து, ஓடிப் போய்ப் பிடிச்சிடுறார். கால்ல விழுறார். அதுக்கு நிக்கோலஸ் கேட்டது ஒண்ணே ஒண்ணு: நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லாதே.

ஐரோப்பாவுல அடகுக்கடை வாசல்ல மூணு தங்க உருண்டை தொங்கும். அதுக்கும் இந்த மூணு பையைத்தான் காரணமா சொல்லுவாங்க. வட்டிக்கடைக்காரங்களுக்கும் பாதுகாவலர் இவர்தானாம். நல்ல மனுசனுக்கு வந்த சோதனை!

இந்தக் கதையில என்னை உறுத்தினது ராத்திரிதான். எதுக்கு ராத்திரி போகணும்? பகல்ல போய்க் கதவைத் தட்டிக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாங்க? அடக்கம்னு சுலபமா சொல்லிடலாம். ஆனா அந்த வீட்டுக்காரர் நேத்து வரைக்கும் ஊர்ல தலை நிமிர்ந்து நடந்தவர். பகல்ல போய்க் குடுத்தா தங்கத்தோட சேர்த்து ஊர் வாயையும் குடுத்துட்டு வர்ற மாதிரி. கல்யாணத்தன்னைக்கு 'இது பிஷப்பு போட்ட பிச்சை'ன்னு எவனாவது சொல்லுவான். அதனாலதான் இருட்டு. அந்த இருட்டு நிக்கோலஸுக்கு இல்லை, அந்த மூணு பொண்ணுங்களுக்கு.

அப்புறம் தாத்தா குண்டான கதையை வேகமா சொல்லிடுறேன். 1087-ல் இத்தாலிய மாலுமிகள் மைராவிலிருந்து அவருடைய எலும்புகளை எடுத்துக்கொண்டு போய் பாரி நகரில் வைத்தார்கள். நெதர்லாந்தில் அவர் 'சின்டர்கிளாஸ்' ஆனார். டிசம்பர் 5 ராத்திரி குழந்தைங்க காலணியை வச்சிட்டுத் தூங்கினா காலையில பரிசு இருக்கும். மார்ட்டின் லூதருக்குப் புனிதர்கள் வழிபாடு பிடிக்காது. அதனால ஜெர்மனியில சீர்திருத்தக்காரங்க பரிசு குடுக்கிற வேலையை 'கிறிஸ்ட்கிண்ட்', அதாவது குழந்தை இயேசுகிட்ட மாத்தினாங்க. பேரைப் பாருங்க, நம்ம ஆபீஸ் 'கிறிஸ் சைல்டு'க்கு ரொம்ப தூரமில்லை. அமெரிக்காவில் 1823 டிசம்பர் 23 அன்று டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் பெயரில்லாமல் வந்த ஒரு கவிதைதான் எட்டு கலைமான்களையும் புகைபோக்கியையும் அவருக்குக் கொடுத்தது. எழுதினவர் கிளெமென்ட் மூர்னு பின்னாடி பேர் வந்துச்சு. 1863-ல் தாமஸ் நாஸ்ட் என்ற கார்ட்டூனிஸ்ட், உள்நாட்டுப் போர் முகாமில் சிப்பாய்களுக்குத் தாத்தா பரிசு கொடுப்பதுபோல வரைந்தார். தாத்தாவுக்கு அன்னைக்கு நட்சத்திரமும் கோடும் போட்ட அமெரிக்கக் கொடிச் சட்டை! கோகோ கோலா கம்பெனிதான் அவருக்குச் சிவப்புச் சட்டை போட்டு விட்டுச்சுன்னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்தும். அது ரீல். ஹேடன் சன்ட்ப்ளோம் அந்தக் கம்பெனிக்கு வரைய ஆரம்பித்தது 1931-ல். அதுக்கு முன்னாடியே தாத்தா சிவப்புலதான் இருந்தார். அந்த விளம்பரம் அதை உலகம் பூரா ஒட்டுச்சு, அவ்வளவுதான்.

ஒரு இடத்துல மட்டும் நின்னு போகணும். நியூயார்க் தெருமுனைகள்ல தாத்தா வேஷத்துல மணி அடிச்சு காசு வசூலிக்கிறவங்களை சினிமாவுல பார்த்திருப்பீங்க. 1896-ல் பாலிங்டன் பூத் ஆரம்பித்த 'வாலண்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா' அமைப்பு செய்த ஏற்பாடு அது. ஏழைகளுக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடு போடக் காசு வேணும். அதுக்குப் புகைபோக்கி மாதிரி ஒரு உண்டியல், பக்கத்துல சிவப்புச் சட்டை. உள்ள இருந்தது யாருன்னு நினைக்கிறீங்க? பெரும்பாலும் வேலையில்லாம, வீடில்லாம இருந்த ஆளுங்க. கை நீட்டுறவனுக்கு அங்க முகமூடி கிடைச்சிருக்கு. நம்ம பையன் கேட்டதும் அதானே?

சரி, இந்தத் தாத்தா நம்ம பக்கம் எப்படி வந்தார்? மிஷனரிங்க கூட்டிட்டு வந்திருப்பாங்கன்னுதான் நானும் நினைச்சேன். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் அப்போ திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன (1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயின, விருதுநகர் மாவட்டம் 1985). அந்த வடபகுதிக்கு 1854-ல் தாமஸ் ராக்லண்ட் என்ற கேம்பிரிட்ஜ்காரர் வந்தார். கூட டேவிட் ஃபென், மெடோஸ். பங்களா கட்டாமல் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்கள். ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்துபோனார். அவங்க கூடாரத்துல தாத்தாவுக்கு இடமே இல்லை. அன்னைக்கு இங்கிலாந்துல இருந்த 'ஃபாதர் கிறிஸ்துமஸ்' விருந்துக்கும் கூத்துக்குமான கிழவர், பிள்ளைங்களுக்குப் பரிசு குடுக்கிற வேலை அவருக்கு அப்புறமாத்தான் வந்துச்சு. மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலாந்துல இருந்து பெட்டியில பொம்மையும் சட்டையும் வரும், பரிசளிப்பு விழாவுல குடுப்பாங்க. ஆனா தாத்தா வரலை.

எனக்குத் தெரிஞ்ச தாத்தா சிவகாசியில இருந்து வந்தவர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள் அல்லவா, அதிலிருந்து லேபிள், லேபிளிலிருந்து அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர், வாழ்த்து அட்டை. பொங்கலுக்கு மாடு, தீபாவளிக்கு லட்சுமி, கிறிஸ்துமஸுக்குத் தாத்தா. ஜிகினா ஒட்டின அந்தத் தாத்தா கார்டு எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில இன்னும் ரெண்டு இருக்கு. இதையும் சொல்லிடணும். 80கள்ல சிவகாசி, சாத்தூர் பக்கக் கிராமங்களுக்கு விடியறதுக்கு முன்னாடியே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து பிள்ளைங்களை அள்ளிட்டுப் போகும். 1983-ல் ஸ்மிது கோத்தாரி எழுதின கட்டுரை அதை நாடு பூரா பேச வச்சது, 1986-ல் சட்டம் வந்தது. குழந்தைங்களுக்குப் பரிசு தர்ற தாத்தாவை அச்சடிச்ச ஊரைச் சுத்தித்தான் அந்த பஸ்ஸும் ஓடியிருக்கு.

கொசுவத்தி ஒண்ணு சுத்திக்கிறேன். சின்ன வயசுல எங்க தெருவுக்கு சர்ச்ல இருந்து கேரல் ரவுண்ட்ஸ் வருவாங்க. ராத்திரி பன்னிரண்டு மணி, மேற்கு மலையில இருந்து குளிர் இறங்கும். டிரம் சத்தம் கேட்டதும் நாங்க எந்திரிச்சு ஓடுவோம். எங்களுக்கும் அந்த மதத்துக்கும் சம்பந்தமில்லை, மிட்டாய்க்கும் எங்களுக்கும் நிறைய சம்பந்தம். தாத்தா அச்சு அசல் எங்க ஊர்த் தாத்தா. டிரம்முக்குக் குத்து டான்ஸ் போடுவார். ஆனா நம்ம ஊர் நாய் சும்மாவா? ராஜபாளையம் நாய்னு உலகம் பூரா பேர். சிவப்பு உருவம் ஒண்ணு நடுராத்திரி ஆடிட்டு வந்தா விடுமா? ஒரு வருஷம் தாத்தா மூட்டையைப் போட்டுட்டு எங்க வீட்டுத் திண்ணையில ஏறி நின்னுட்டார். மாஸ்க் கழண்டு விழுந்துச்சு. பார்த்தா எதிர்ல மளிகைக்கடையில பொட்டலம் கட்டுற அண்ணன்! "யார்கிட்டயும் சொல்லாதடா"ன்னு எனக்கு மட்டும் ரெண்டு மிட்டாய் எக்ஸ்ட்ரா. நிக்கோலஸ் சொன்ன அதே வார்த்தை. அன்னைக்கு எனக்கு என்ன தெரியும்.

தாத்தா வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கம் டிசம்பர்ல குடுக்கிற பழக்கமே இல்லையா? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா அடிக்க வருவாங்க. கிறிஸ்துமஸ் வர்றது மார்கழியில. திருப்பாவையோட இரண்டாவது பாட்டு நோன்புக்கான விதிகளைச் சொல்லும். நெய் பால் கிடையாது, மை பூ கிடையாது, கோள் சொல்லக் கூடாது. அந்த வரிசையிலேயே, கேட்டு வர்றவங்களுக்கு முடிஞ்ச மட்டும் குடுக்கணும்னும் இருக்கு. ஆண்டாளே ஒரு ஆசைப் பட்டியலும் எழுதியிருக்காங்க, நாச்சியார் திருமொழியில. அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு பானை வெண்ணெய், நூறு பானை அக்காரவடிசல் தர்றேன்னு நேர்ந்துக்கிட்டாங்க. குடுத்தாங்களான்னு சேதி இல்லை. இருநூறு முந்நூறு வருஷம் கழிச்சு வந்த ராமானுஜர் அதைத் தன் செலவுல நிறைவேத்திட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாராம். சன்னிதியில இருந்து 'அண்ணா'ன்னு குரல் வந்துச்சுன்னு வைணவ குருபரம்பரைக் கதை சொல்லும். யாரோ எழுதி வச்ச ஆசையைப் படிச்சு, கேக்காமலே கொண்டு போய்ச் சேர்க்கிறது. லிஸ்ட் படிக்கிற தாத்தா வேலைதானே இது? எங்க ஊர்ல அதுக்குப் பேர் அண்ணன்.

ஆனா அந்த வாரம் பூரா என் மண்டைக்குள்ள சுத்துனது ஆண்டாள் இல்லை, நல்லதங்காள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துல நல்லதங்காள் கோயிலும் கிணறும் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பைக்ல போயிட்டு வந்துடலாம். எங்க ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது பாதியிலேயே மூக்கைச் சிந்த ஆரம்பிச்சிடும்.

மானாமதுரையில வாக்கப்பட்டவ. பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு அர்ச்சுனாபுரம் வர்றா. அண்ணன் ஊர்ல இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறா. அப்புறம் குடுக்கத்தான் செய்றா, அதைக் கவனிங்க. உளுத்துப்போன கேழ்வரகு, பச்சை விறகு, ஓட்டைச் சட்டி. இதுல சமைச்சுக்கோன்னு ஏளனத்தோட சேர்த்துக் குடுக்கிறா. அந்தக் கஞ்சியும் பிள்ளைங்க வாய்க்குப் போகலை. நல்லதங்காள் திரும்பிப் போகலை, தெருவுல நின்னு கை நீட்டவும் இல்லை. ஊருக்கு வெளிய இருக்கிற கிணத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறா. ஒவ்வொண்ணா தூக்கிப் போடுறா. மூத்தவன் 'என்னை விட்டுடும்மா'ன்னு ஓடுறான். அவனையும் பிடிச்சுப் போட்டுட்டுத் தானும் விழுறா.

சின்ன வயசுல எனக்கு இது கொடுமைக்கார அண்ணி கதை. இப்போ நிக்கோலஸ் கதையைப் படிச்சுட்டு இதை நினைச்சா வேற மாதிரி இருக்கு. அங்க மூணு பொண்ணுங்க, இங்க ஏழு பிள்ளைங்க. அங்க இருட்டுல ஜன்னல் வழியா வந்துச்சு, இங்க பட்டப்பகல்ல வாசல்ல வச்சு, பார்க்கிறவங்க பார்க்க. பசி நல்லதங்காளை அண்ணன் வீடு வரைக்கும் கொண்டு வந்துச்சு. அங்க இருந்து கிணத்துக்குக் கொண்டு போனது பசி மட்டும்தான்னு எனக்குத் தோணலை.

இது கதை, வரலாறு இல்லைன்னு சொல்லுவீங்க. வரலாறும் அதையேதான் சொல்லுது. 1876-78 பெரும் பஞ்சம், நம்ம ஆளுங்க 'தாது வருஷப் பஞ்சம்'னு சொல்றது. சென்னை ராஜதானி முழுக்கச் செத்தவங்க லட்சக்கணக்குல. கஞ்சித் தொட்டி வச்சாங்க, நிவாரண வேலை குடுத்தாங்க. ஆனா 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, இவங்களுக்கு இவ்வளவு எதுக்குன்னு கணக்குப் போட்டு, நாள் முழுக்க உடைச்சு உழைக்கிற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும்னு குறைச்சார். நிஜமாவே பட்டினியான்னு சோதிக்க வீட்ல இருந்து ரொம்ப தூரம் நடக்க வச்சாங்க, கல் உடைக்க வச்சாங்க. கார்னிஷ் என்ற சுகாதார அதிகாரி இது ஆளைக் கொல்லும்னு சண்டை போட்டார். கூலியைக் கொஞ்சம் ஏத்துறதுக்குள்ள பல ஆயிரம் பேர் போய்ச் சேர்ந்தாச்சு. அதே வருஷம் லண்டன்ல பொதுமக்கள்கிட்ட வசூலிச்ச நிதி ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல வந்துச்சு. முகம் தெரியாத ஆளுங்க முகம் தெரியாத ஆளுங்களுக்குப் போட்ட காசு. சர்க்கார் கூலியை விட அது மேல்.

திருநெல்வேலிச் சீமையில அந்தக் காசுல ஒரு பங்கு மிஷனரிங்க கை வழியாப் போச்சு. கஞ்சி ஊத்தினாங்க, அனாதைப் பிள்ளைங்களை எடுத்து வளர்த்தாங்க. கால்டுவெல் 1877-லதான் பிஷப் ஆனார். பஞ்சத்தை ஒட்டி ஊர் ஊரா ஆயிரக்கணக்குல ஜனங்க மதம் மாறினாங்க. சோத்துக்கு மாறினவங்கன்னு அன்னைக்கே கேலி இருந்துச்சு. யார் மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைங்களைக் காப்பாத்தினது அந்தக் கஞ்சிதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா ஒரு குவளைக் கஞ்சிக்கு அந்தக் குடும்பங்களோட பேரன் பேத்தி வரைக்கும் 'கஞ்சிக்கு மாறின கூட்டம்'னு பேச்சு வாங்கியிருக்காங்கன்னா, குடுத்தது கஞ்சி மட்டும் இல்லை.

இதையெல்லாம் படிச்சுட்டு இருந்தப்போதான் லாரி ஸ்டூவர்ட் கிடைச்சார். 1971, அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலம், ஹூஸ்டன்னு ஒரு சின்ன ஊர். ஸ்டூவர்ட் வேலை பார்த்த கம்பெனி மூடிடுச்சு, கையில காசில்லை, பசி. டிக்ஸி டைனர்னு ஒரு கடையில வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, பர்ஸ் தொலைஞ்சு போச்சேன்னு தேடுற மாதிரி நடிக்கிறார். கடைக்காரர் டெட் ஹார்ன் வந்து, ஸ்டூல் பக்கத்துல குனிஞ்சு 20 டாலர் நோட்டை எடுக்கிற மாதிரி எடுத்து, தம்பி இது நீ கீழ போட்டது போலன்னு நீட்டுறார். ரெண்டு பேரும் நடிகர் திலகம் :-)

வெளிய வந்து வண்டி ஓட்டும்போதுதான் ஸ்டூவர்ட்டுக்குப் புரிஞ்சுது, நாம எதையும் கீழ போடலைன்னு. அப்புறம் பிசினஸ்ல நல்லா சம்பாதிச்சார். 1979 கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு தெருவோரக் கடையில குளிர்ல நடுங்கிட்டு இருந்த பணிப்பெண்ணுக்கு 20 டாலர் குடுத்ததுல ஆரம்பிச்சு, வருஷா வருஷம் கான்சாஸ் சிட்டி தெருக்கள்ல பேர் சொல்லாம பணம் குடுத்துட்டே இருந்தார். மொத்தம் சுமார் 13 லட்சம் டாலர். 'சீக்ரெட் சான்டா'ன்னு பத்திரிகைக்காரங்க பேர் வச்சாங்க. 2006 நவம்பர்ல, புத்துநோய் முத்தின பிறகுதான் தன் பேரைச் சொன்னார். 2007 ஜனவரியில போயிட்டார். நடுவுல 1999-ல் டெட் ஹார்னைத் தேடிக் கண்டுபிடிச்சு அந்த 20 டாலருக்குப் பதிலா 10,000 டாலர் குடுத்திருக்கார்.

நோட்டைக் கீழ இருந்து எடுக்கிற மாதிரி எடுத்த அந்தக் குனிவு இருக்கு பாருங்க, மைரா ஜன்னலும் அதுவும் ஒண்ணு. எங்க ஆபீஸ் காபி கப் விளையாட்டுக்கும் சீக்ரெட் சான்டான்னுதான் வெளிநாட்டுல பேர். ரகசியம் மட்டும் மிச்சம் இருக்கு, யாருக்காக ரகசியம்னு மறந்து போச்சு.

நம்ம ஊர்ல உபயம் எழுதுறது தெரியும்ல? கோயில் டியூப்லைட்ல தாத்தா பேர், அப்பா பேர், கடை பேர், போன் நம்பர் எல்லாம் எழுதி, கடைசியில வெளிச்சம் வர இடமே இருக்காது. நாங்க போன இல்லத்துல பிள்ளைங்க படிக்கிற ஹால்ல ரெண்டு டியூப்லைட் மினுக்மினுக்குன்னு அடிச்சுட்டு இருந்துச்சு. அடுத்த தடவை அதை மாத்திக் குடுக்கலாம்னு எங்க குரூப்ல பேசினாங்க. ஒருத்தன் சொன்னான், "பேட்ச் பேரை ஒரு ஓரமா எழுதிருவோம்டா." நான் ஒண்ணும் பேசலை. போட்டோவை அழிங்கடான்னு மட்டும் சொன்னேன். எடுத்தவன் முணுமுணுத்துட்டு அழிச்சான். மத்த குரூப்ல இருந்து யார் அழிக்கிறது.

பொங்கல் லீவுல மறுபடி ஊருக்குப் போனப்போ, ரெண்டு டியூப்லைட் செட் வாங்கிட்டுத் தனியா போனேன். பையில அந்த ரோஸ் கலர் மாஸ்க்கும் இருந்துச்சு. வாடகை டிரஸ் போயிடுச்சு, மாஸ்க்குக்கு அம்பது ரூபா கட்டி வச்சுக்கிட்டேன். அதை என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலை, அவன்கிட்ட குடுத்தா என்னன்னு சொல்லிக் குடுக்கிறது?

வாசல்ல கிரிக்கெட் ஓடிட்டு இருந்துச்சு. அந்தப் பையன்தான் பவுலிங். என்னைப் பார்த்தான். அடையாளம் தெரியலை. எப்படித் தெரியும், என் மூஞ்சியை அவன் பார்த்ததே இல்லையே.

"யாருண்ணே நீங்க?"

"டியூப்லைட் மாட்ட வந்தேன்பா."

"அப்ப உள்ள போங்கண்ணே, இங்க நின்னா பந்து பட்ரும்."